முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயின் மீள்தோற்றம்

முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோயின் மீள்தோற்றம் என்பது, முன்னிற்குஞ்சுரப்பியில் (புராஸ்டேட்) தோன்றிய புற்றுநோய், அறுவைச் சிகிச்சையாலோ கதிர்வீச்சுச் சிகிச்சையாலோ நீங்கிவிட்டதாகக் கருதப்பட்ட பின்னர் மீண்டும் தோன்றுவதைக் குறிக்கும். ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டு நூலின்படி, இச்சிகிச்சைகளைப் பெற்றவர்களுள் 27 முதல் 53 விழுக்காட்டினருக்குக் குருதியிலுள்ள பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தின் அளவு பிற்காலத்தில் மீண்டும் உயர்கிறது.

வலியோ வேறு அறிகுறியோ தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, இம்மீள்தோற்றம் குருதிச் சோதனையில் ஓர் எண்ணாக மட்டும் வெளிப்படுகிறது. ஆகையால் நலமாக உணரும் காலத்திலும் நோயாளி தொடர்ந்து சோதனைக்கு வருவதே இதனைக் கண்டறியும் வழியாகும். கடந்த இருபது ஆண்டுகளில் நடைபெற்ற மருத்துவ ஆய்வுகள், எப்போது சிகிச்சையைத் தொடங்குவது, எப்போது காத்திருப்பது என்னும் வினாக்களுக்குப் பெருமளவு விடை தந்துள்ளன. அவ்விடைகள் யாவும் முறையான தொடர்கவனிப்பை அடிப்படையாகக் கொண்டவை. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்கள் போன்று பெரிய மருத்துவமனைகளிலிருந்து தொலைவில் உள்ள இடங்களில் இக்கவனிப்பை எவ்வாறு அமைப்பது என்பதும் இப்பொருளின் ஒரு பகுதியாகும்.

சுரப்பியும் பி.எஸ்.ஏ. சோதனையும்

முன்னிற்குஞ்சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வடிகுழாயைச் சூழ்ந்து அமைந்துள்ளது. விந்து நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் பணி. பி.எஸ்.ஏ. என்பது இச்சுரப்பியின் உயிரணுக்கள் உண்டாக்கும் ஒரு நொதியாகும். இதில் மிகச் சிறிய அளவே குருதியில் கலக்கிறது. இச்சுரப்பியிலிருந்து பரவிய புற்றணுக்களும் பெரும்பாலும் இந்நொதியைத் தொடர்ந்து உண்டாக்குவதால், அவை உடலில் எங்கிருந்தாலும் அவற்றின் இருப்பைக் குருதி காட்டிக்கொடுக்கிறது.

அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 1986 ஆம் ஆண்டில் இச்சோதனைக்கு முதன்முதலில் ஒப்புதல் அளித்தது. ஏற்கனவே நோய் உறுதிசெய்யப்பட்டவர்களைக் கண்காணிப்பதற்காகவே அவ்வொப்புதல் அளிக்கப்பட்டது. நோயைப் புதிதாகக் கண்டறிய உதவும் சோதனையாக 1994 இல்தான் அது ஏற்கப்பட்டது.

வரைவிலக்கணம்

பி.எஸ்.ஏ. உயர்வால் மட்டுமே அறியப்படும் நிலை உயிர்வேதியியல் மீள்தோற்றம் எனப்படுகிறது. முதலில் பெற்ற சிகிச்சையைப் பொறுத்து இதன் வரைவிலக்கணம் மாறுபடும்.

அறுவைக்குப் பின்: சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டால், சில வாரங்களில் பி.எஸ்.ஏ. கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்துவிட வேண்டும். பின்னர் அது மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல் உயர்ந்து, இரண்டாவது சோதனையிலும் அவ்வாறே இருந்தால் மீள்தோற்றம் எனக் கொள்வது வழக்கம்.

கதிர்வீச்சுக்குப் பின்: இங்கே சுரப்பி உடலிலேயே இருப்பதால் பி.எஸ்.ஏ. சுழியத்தை எட்டுவதில்லை. அது மெல்லக் குறைந்து ஒரு தாழ்ந்த அளவை அடைகிறது. அத்தாழ்ந்த அளவுக்கு மேல் 2 நானோகிராம் உயர்ந்தால் மீள்தோற்றம் என்பது 2006 இல் வெளியான ஃபீனிக்ஸ் வரையறை. சிகிச்சை முடிந்த முதல் சில ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. சிறிதளவு உயர்ந்து தானாகவே தணிவதும் உண்டு. எனவே ஒரேயொரு சோதனை முடிவைக் கொண்டு முடிவெடுப்பதில்லை.

ஒரே குருதியின் அளவு வெவ்வேறு ஆய்வகக் கருவிகளில் சற்று வேறுபடலாம். ஆகவே இயன்றவரை ஒரே ஆய்வகத்தில் சோதிப்பதும், பழைய முடிவுத் தாள்களைப் பாதுகாப்பதும் நன்று. சுரப்பி நீக்கப்படாதவர்களில் சிறுநீர்த் தொற்று பி.எஸ்.ஏ. அளவை உயர்த்தும், ஃபினாஸ்டரைடு, டுடாஸ்டரைடு ஆகிய மருந்துகள் அதனை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.

நோயின் போக்கு

பி.எஸ்.ஏ. உயர்ந்தவுடன் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டதாக அச்சப்படுவது இயல்பு. ஆனால் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட 1,997 பேரின் வரலாறு 1999 இல் வெளியிடப்பட்டபோது வேறொரு படம் கிடைத்தது. அவர்களுள் 304 பேருக்கு பி.எஸ்.ஏ. உயர்ந்தது. பி.எஸ்.ஏ. உயர்வுக்கும் உடலின் பிற பகுதிகளில் நோய் தென்படுவதற்கும் இடைப்பட்ட இடைநிலைக் காலம் 8 ஆண்டுகள். அதன்பின் இறப்பு வரையிலான இடைநிலைக் காலம் 5 ஆண்டுகள்.

எல்லோருக்கும் இக்காலம் ஒன்றுபோல் அமைவதில்லை. பி.எஸ்.ஏ. அளவு இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளும் காலம் இதனைக் கணிக்கப் பயன்படும் முதன்மையான அளவுகோலாகும். மூன்று மாதங்களுக்குள் இரட்டிப்பானால் நோய் வேகமானது. 15 மாதங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டால் மெதுவானது. முதல் திசுச் சோதனையில் கண்ட புற்றுநோயின் தரம், சிகிச்சைக்கும் மீள்தோற்றத்துக்கும் இடைப்பட்ட காலம் ஆகியனவும் கருதப்படும். இரட்டிப்புக் காலத்தைக் கணக்கிடத் தேதியிட்ட பல சோதனை முடிவுகள் தேவை. ஒரு நோயாளி இரண்டு ஆண்டுகள் சோதனைக்கு வரவில்லையெனில், நோய் விரைவாக வளர்கிறதா மெல்ல வளர்கிறதா என்பதைக் கூறும் வாய்ப்பு அவருடைய மருத்துவருக்கு இல்லாமற்போகிறது.

நோயின் இருப்பிடத்தை அறிதல்

பி.எஸ்.ஏ. நோய் உள்ளது என்பதைக் கூறுமேயன்றி, அது எங்குள்ளது என்பதைக் கூறாது. சுரப்பி இருந்த இடத்திலா, இடுப்புக்கூட்டின் நிணநீர்க் கணுக்களிலா, எலும்புகளிலா என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும். முன்பு பயன்பட்ட எலும்பு ஸ்கேன், சி.டி. ஸ்கேன் ஆகியவை பி.எஸ்.ஏ. குறைவாக உள்ளபோது பெரும்பாலும் எதையும் காட்டுவதில்லை.

முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றணுக்களின் மேற்பரப்பில் பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதம் மிகுதியாகக் காணப்படுகிறது. அதனுடன் ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு மூலக்கூற்றில் காலியம்-68 என்ற கதிரியக்க ஓரிடத்தானைப் பிணைத்து ஊசி மூலம் செலுத்தினால், நோயுள்ள இடங்கள் பெட் ஸ்கேன் படத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தெரியும். செருமனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் 2010களின் தொடக்கத்தில் இம்முறையை உருவாக்கினர். அமெரிக்காவில் 2020 டிசம்பரில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது.

மீள்தோற்றம் கண்ட 635 பேரிடம் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், 75 விழுக்காட்டினரிடம் இந்த ஸ்கேன் நோயின் இருப்பிடத்தைக் காட்டியது. பி.எஸ்.ஏ. 0.5க்குக் குறைவாக இருந்தவர்களில் இது 38 விழுக்காடாகவும், 1 முதல் 2 வரை இருந்தவர்களில் 84 விழுக்காடாகவும், 5 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 97 விழுக்காடாகவும் அமைந்தது. இதனால் ஒரு முரண் எழுகிறது. பி.எஸ்.ஏ. மிகுந்த பின் ஸ்கேன் எடுத்தால் இடம் தெளிவாகத் தெரியும். ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சையோ பி.எஸ்.ஏ. குறைவாக உள்ளபோதுதான் நன்கு பயன்தரும். எனவே ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக, தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுவது சரியன்று என வழிகாட்டு நூல்கள் கூறுகின்றன.

அறுவைக்குப் பின் மீள்தோற்றம்: மீட்புக் கதிர்வீச்சு

சுரப்பி இருந்த படுகைக்குக் கதிர்வீச்சு அளிப்பது மீட்புக் கதிர்வீச்சு எனப்படுகிறது. இந்நிலையில் நோயை முற்றாக நீக்கும் வாய்ப்பைத் தருவது இதுவே. அறுவை முடிந்தவுடன் அபாயம் மிகுந்த அனைவருக்கும் கதிர்வீச்சு அளிப்பதா, பி.எஸ்.ஏ. உயர்ந்தால் மட்டும் அளிப்பதா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. பிரித்தானியா, டென்மார்க், கனடா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் 1,396 பேரிடம் நடைபெற்ற ராடிகல்ஸ்-ஆர்.டி. ஆய்வு 2020 இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளில் பி.எஸ்.ஏ. உயராமல் இருந்தவர்கள் உடனடிக் கதிர்வீச்சுப் பிரிவில் 85 விழுக்காடு, காத்திருந்து அளித்த பிரிவில் 88 விழுக்காடு. உடனடியாகப் பெற்றவர்களுக்குச் சிறுநீர்த் தொல்லைகள் மிகுதியாக இருந்தன. இதனையொத்த வேறு இரு ஆய்வுகளும் இம்முடிவையே ஆதரித்தன. இதன்பின் பலருக்குக் காத்திருத்தலே முறையாயிற்று. ஆனால் அது கண்காணிப்புடன் கூடிய காத்திருத்தல். அவ்வாய்வில் இருந்தவர்கள் தவறாமல் சோதிக்கப்பட்டனர்.

கதிர்வீச்சுடன் இயக்குநீர்த் தடுப்பு மருந்தைச் சேர்ப்பது குறித்து 760 பேரிடம் நடந்த ஆர்.டி.ஓ.ஜி. 9601 ஆய்வு 2017 இல் வெளியானது. இரண்டு ஆண்டுகள் பைக்கலுட்டமைடு மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களுள் 76.3 விழுக்காட்டினரும், போலி மாத்திரை பெற்றவர்களுள் 71.3 விழுக்காட்டினரும் 12 ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தனர். எனினும் பி.எஸ்.ஏ. 0.6 அல்லது அதற்குக் குறைவாக இருந்தபோதே சிகிச்சை பெற்றவர்களுக்கு இம்மருந்தால் ஆயுள் கூடவில்லை என்று 2020 இல் வெளியான மறு பகுப்பாய்வு காட்டியது. அதாவது, விரைவில் கண்டறியப்பட்டவர்களுள் பலர் கூடுதல் மருந்தையும் அதன் பக்கவிளைவுகளையும் தவிர்க்க இயலும்.

கதிர்வீச்சின் அளவை 64 கிரேயிலிருந்து 70 கிரேயாக உயர்த்துவதால் பயனில்லை என்பதை 350 பேரிடம் நடந்த சுவிட்சர்லாந்து ஆய்வு 2021 இல் காட்டியது. 64 கிரே என்பது நாளுக்கு 2 கிரே வீதம் 32 நாட்கள், அதாவது ஆறு வாரங்களுக்கு மேல் வேலைநாள்தோறும் மருத்துவமனைக்குச் செல்வதாகும்.

கதிர்வீச்சுக்குப் பின் மீள்தோற்றம்

முதற் சிகிச்சையே கதிர்வீச்சாக இருந்தால், நோய் சுரப்பிக்குள் மட்டும் உள்ளதா என்பது திசுச் சோதனையால் உறுதிசெய்யப்படுகிறது. அவ்வாறெனில் சுரப்பியை அறுவையால் அகற்றுதல், கதிரியக்கப் பொருளைச் சுரப்பிக்குள் வைத்தல், துல்லியமான மறுகதிர்வீச்சு, உறைய வைத்து அழித்தல், மிகையொலி அலைகளால் சுட்டழித்தல் ஆகிய வழிகள் உள்ளன. 150 ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளியான பகுப்பாய்வின்படி, கடுமையான சிறுநீர்ப் பாதிப்புகள் அறுவையிலும் மிகையொலி முறையிலும் 20 விழுக்காட்டுக்கு மேல் காணப்பட்டன. மறுகதிர்வீச்சு முறைகளில் அவை ஏறத்தாழ 4 முதல் 8 விழுக்காடாக இருந்தன.

இயக்குநீர்ச் சிகிச்சை

டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீர் இப்புற்றுநோயை வளர்க்கிறது என்பதையும், விதைகளை அகற்றினால் நோய் தணிகிறது என்பதையும் 1941 இல் சார்லஸ் ஹக்கின்சும் கிளாரன்ஸ் ஹாட்ஜசும் அறிவித்தனர். இதற்காக ஹக்கின்சுக்கு 1966 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. பின்னர் அதே விளைவைத் தரும் ஊசி மருந்துகள் 1980களில் வந்தன. இவற்றை மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்திற்கு ஒருமுறையோ செலுத்த வேண்டும்.

இச்சிகிச்சை நோயைக் கட்டுப்படுத்துமேயன்றி, பொதுவாக முற்றாக நீக்காது. உடல் வெப்பம் திடீரென ஏறுதல், களைப்பு, எலும்பு மெலிதல், தசை குறைதல், பாலுணர்வு குன்றுதல், நீரிழிவு நோய்க்கான வாய்ப்பு கூடுதல் ஆகியவை இதன் பக்கவிளைவுகளாகும். எனவே இதனை இடைவிட்டு அளிக்கலாமா என்பது ஆராயப்பட்டது. கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. உயர்ந்த 1,386 பேரிடம் நடந்து 2012 இல் வெளியான ஆய்வில், இடைவிட்டுப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.8 ஆண்டுகள், தொடர்ந்து பெற்றவர்களுக்கு 9.1 ஆண்டுகள். இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று எனவும், மருந்தில்லாக் காலத்தில் பக்கவிளைவுகள் குறைகின்றன எனவும் கொள்ளப்பட்டது.

மறுபுறம், பி.எஸ்.ஏ. ஒன்பது மாதங்களுக்குள் இரட்டிப்பாகும் 1,068 பேரிடம் நடந்த எம்பார்க் ஆய்வு 2023 இல் வெளியானது. ஐந்து ஆண்டுகளில் நோய் பரவாமல் இருந்தவர்கள் ஊசி மருந்து மட்டும் பெற்ற பிரிவில் 71.4 விழுக்காடு, என்சலுட்டமைடு மாத்திரை மட்டும் பெற்ற பிரிவில் 80.0 விழுக்காடு, இரண்டையும் சேர்த்துப் பெற்ற பிரிவில் 87.3 விழுக்காடு. மெதுவான நோய்க்குக் குறைந்த சிகிச்சையும் விரைவான நோய்க்கு வலிய சிகிச்சையும் ஏற்றவை என்பதே இவ்விரு ஆய்வுகளிலிருந்து பெறப்படும் கருத்தாகும்.

இந்தியாவில் விதையகற்றும் அறுவை இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. இது ஒருமுறை செய்யும் சிறிய அறுவை, செலவு குறைவு, ஊசிக்காகத் திரும்பத் திரும்பப் பயணம் செய்யத் தேவையில்லை. ஆயினும் இது மீளாதது. இடைவிட்ட சிகிச்சைக்கு இதில் இடமில்லை. ஆகவே நோயாளி இரண்டு வழிகளையும் நன்கு அறிந்தபின் முடிவெடுப்பதே முறையாகும்.

இயக்குநீர்ச் சிகிச்சையையும் மீறி நோய் வளரும் நிலையில் அபிராட்டரோன் போன்ற மருந்துகள் அளிக்கப்படுகின்றன. வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் என்பது அபிராட்டரோனின் வழக்கமான அளவு. கொழுப்புக் குறைந்த காலை உணவுடன் 250 மில்லிகிராம் கொடுத்தால் பி.எஸ்.ஏ. குறைவதில் அது பின்தங்கவில்லை என்று 72 பேரிடம் நடந்த சிறிய ஆய்வொன்று 2018 இல் காட்டியது. செலவு காரணமாக இந்திய மருத்துவர்களும் இம்முறையைக் கவனத்தில் கொண்டுள்ளனர். மருத்துவர் கூறாமல் அளவை மாற்றுவது ஆபத்தானது.

கதிரியக்க மருந்துகள்

ஸ்கேனில் பயன்படுவதைப் போன்று பி.எஸ்.எம்.ஏ. புரதத்துடன் ஒட்டிக்கொள்ளும் ஒரு மூலக்கூற்றில் லுட்டேசியம்-177 ஐப் பிணைத்தால், அது புற்றணுக்களைத் தேடிச் சென்று அழிக்கும் மருந்தாகிறது. பிற மருந்துகள் பயனற்றுப்போன 831 பேரிடம் நடந்து 2021 இல் வெளியான விஷன் ஆய்வில், இம்மருந்தைப் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 15.3 மாதங்களாகவும், பெறாதவர்களுக்கு 11.3 மாதங்களாகவும் இருந்தது. இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் லுட்டேசியம்-177 ஐ உண்டாக்கி வருகிறது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம், ஆக்டினியம்-225 ஐப் பயன்படுத்தி 28 நோயாளிகளிடம் செய்த ஆய்வை 2020 இல் வெளியிட்டது.

எலும்பில் பரவிய நோயின் வலியைத் தணிக்க ஸ்ட்ரோன்சியம்-89, சமாரியம்-153 ஆகியவை பயன்படுகின்றன. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், சோதனை வேக ஈனுலையில் இட்ரியாவை வைத்து ஸ்ட்ரோன்சியம்-89 ஐப் பெறும் பணி நடைபெற்றுள்ளது.

தமிழ்நாட்டில்

அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 இல் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்டது. தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின்கீழ் சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவகம் 1980களின் தொடக்கத்திலிருந்து இந்நிலையத்தில் இயங்குகிறது. சென்னை ஆண்களில் முன்னிற்குஞ்சுரப்பிப் புற்றுநோய் கூடி வருவதை இப்பதிவுகள் காட்டுகின்றன. ஆயுட்காலம் நீண்டமை இதற்கு ஒரு காரணமாகும். இது பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களின் நோய்.

அடையாறு நிலையம் தவிர, சென்னையிலுள்ள அரசுப் பொது மருத்துவமனைகளிலும் இந்நோய்க்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களின் புற்றுநோய்ச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது.

பழவேற்காடு ஏரி ஊர்களில் தொடர்கவனிப்பு

பழவேற்காடு ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் அமைந்துள்ளது. பழவேற்காட்டிலிருந்து சென்னை செல்வோர் சாலை வழியாகப் பொன்னேரிக்கு வந்து தொடர்வண்டி ஏறுவது வழக்கம். ஏரியிலுள்ள இருக்கம் தீவு போன்ற இடங்களில் வாழ்வோர் முதலில் படகில் கரைக்கு வரவேண்டும். அத்தீவு ஆந்திரத்தைச் சேர்ந்ததாகையால், தமிழ்நாட்டுக் காப்பீட்டுத் திட்டம் அங்குள்ளோருக்குப் பொருந்தாது. அம்மாநிலத்தின் திட்டமே பொருந்தும். ஒரே ஏரியில் மீன்பிடிக்கும் இரு நோயாளிகள் வெவ்வேறு மருத்துவமனைகளை நாட வேண்டிய நிலை இதனால் உண்டாகிறது.

இவ்வேரியின் மீனவர்கள் மீன்பிடி இடங்களைப் பாடு என்னும் முறைப்படி பகிர்ந்துகொள்கின்றனர். தலைக்கட்டு உரிமையுள்ளவர்களுக்கு இடமும் நாளும் முறைவைத்துக் குறிக்கப்படுகின்றன. முதியவருக்குத் துணையாக மருத்துவமனைக்குச் செல்லும் மகன் தன் பாட்டு நாளைத் தவறவிட்டால் அந்நாளின் வருவாயை இழக்கிறார். வலியில்லாத ஒருவருக்கு ஒரு குருதிச் சோதனைக்காக இவ்விழப்பை ஏற்பது எளிதன்று. தொடர்கவனிப்பு விட்டுப்போவதற்கு அறியாமை மட்டுமே காரணம் எனக் கூற இயலாது.

இச்சுமையைக் குறைக்க வழிகள் உள்ளன. சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையும் பி.எஸ்.ஏ. பார்ப்பது பரவலான அட்டவணையாகும். இதற்குப் பட்டினி இருக்கத் தேவையில்லை. குருதியை ஊருக்கு அருகிலேயே எடுத்து, குளிர்நிலையில் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவைத் தொலைபேசியில் தெரிவித்து, அளவு உயர்ந்தவரை மட்டும் நேரில் அழைக்கலாம். நாளைக் குறிக்கும்போதே பாட்டு முறையைக் கேட்டறிந்து குறிக்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ், நோய் முற்றியவர்களுக்கு வலித்தணிப்புக் கவனிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே அளிக்கப்படுகின்றன.

மீட்புக் கதிர்வீச்சு தேவைப்படுவோர் ஆறு வாரங்களுக்கு மேல் சென்னையில் தங்க வேண்டியிருக்கும். பி.எஸ்.ஏ. குறைவாக உள்ளபோதே கண்டறியப்பட்டால் இத்தங்கல் ஒருமுறையோடு முடியக்கூடும். காலந்தாழ்ந்து எலும்பில் பரவியபின் அறியப்பட்டால், சிகிச்சை வாழ்நாள் முழுதும் நீளும்.

உடனடியாக மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

இந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு முதுகெலும்பில் புதிதாக இடைவிடாத வலி ஏற்படுதல், கால்கள் வலுவிழத்தல் அல்லது மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடிழத்தல் ஆகியவை தண்டுவடம் நசுக்கப்படுவதன் அறிகுறிகளாக இருக்கலாம். இது அவசர நிலையாகும். அன்றே சிகிச்சை தொடங்கினால் நடக்கும் திறனைக் காக்க இயலும். சில நாட்கள் தாழ்த்தினால் இழந்த திறன் பெரும்பாலும் மீள்வதில்லை. சிறுநீர் முற்றாக அடைபடுதல், சிறுநீரில் மிகுதியாகக் குருதி வெளியேறுதல் ஆகியவற்றுக்கும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இத்தகைய நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழைக்கலாம்.